எடை குறைக்கணுமா? முதல் இலக்கு கிலோ அல்ல, நிமிடம்!

சேலம், நாமக்கல் ஜிம்களில் புதுசா சேருகிறவர்கள் கேட்பது, 'மாசத்துல பத்து கிலோ குறையுமா?' பட்டினி கிடந்து குறைத்தால், விட்டதும் பெரும்பாலும் திரும்ப ஏறிவிடும். வாரத்துக்கு அரை கிலோ குறைவதே பாதுகாப்பு என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அதாவது, மாதம் 2 கிலோ.

அதுவும் குறையலைன்னா? 2006-ல் வெளியான ஒரு சென்னை ஆய்வில் இதற்குப் பதில் இருக்கிறது. மருத்துவர் ஏ.ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களை மூன்று ஆண்டுகள் கவனித்தது. நடைப்பயிற்சியும் உணவு மாற்றமும் கடைப்பிடித்தவர்களுக்கு நோய் வரும் ஆபத்து சுமார் 28 சதவீதம் குறைந்தது. எடை பெரிதாகக் குறையாமலேயே!

எனவே, நிமிடத்தை எண்ணுவதே புத்திசாலித்தனம். வாரத்துக்கு 150 நிமிட விறுவிறு நடை போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரம் ஐந்து நாள், தினம் 10 நிமிடம் எனத் தொடங்குங்க. வாராவாரம் 5 நிமிடம் கூட்டினால், ஐந்தாவது வாரத்தில் 150 வந்துவிடும்.

2023-ல் மாவட்டம்தோறும் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' பாதை 8 கி.மீ. நீளம். முதல் நாளே முழுசா முடிக்கணும்னு கட்டாயமில்லை. இதய நோய், மூட்டு வலி உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கணும்.

எடையை வாரம் ஒருமுறை பாருங்க. நடந்த நிமிடத்தைத் தினமும் குறிச்சு வைங்க.