கைநாட்டு வைத்துவிட்டால் சம்மதமா?

ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸ் ஒரு தாளை நீட்டி, 'இவிடெ ஒப்பிடணம்' என்கிறார். நம் வீட்டுப் பெண்கள் பெருவிரலை நீட்டிவிடுகிறார்கள். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பவர் நூற்றில் ஒருவர்கூட இல்லை.

1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு போயிற்று. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக் கல்லை நட்டதால் நாக்கு மாறிவிடவில்லை. பாறசாலைப் பக்கம் கூலி வேலைக்கு வந்த நம்மவர்களுக்குச் சந்தை மலையாளம் நன்றாகவே வரும். படிவத்து மலையாளம் வேறு. 'சஸ்த்ரக்ரிய' என்றால் அறுவை, 'அண்டாசயம்' என்றால் சினைப்பை என்று யார் நமக்குச் சொல்லித் தந்தார்கள்? சில இடங்களில் படிவமே இங்கிலீஷில்தான்.

இது சின்ன விஷயம் அல்ல. டில்லியில் 1995-ல் 44 வயதுப் பெண் ஒருவர், வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பரிசோதிக்கச் சம்மதித்துப் படுத்தார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது உதவி டாக்டர் வெளியே வந்து தாயாரிடம் கையெழுத்து வாங்கினார். கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வழக்கு 2008 ஜனவரி 16-ல் உச்சநீதிமன்றத்தில் முடிந்தது. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குச் சம்மதம் ஆகாது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயது வந்தவருக்காகத் தாயார் தந்த சம்மதமும் செல்லாது என்றது கோர்ட். நஷ்ட ஈடு வெறும் 25,000 ரூபாய். ஆபரேஷன் கட்டணமும் டாக்டருக்கு இல்லை. தொகை சிறிது, தீர்ப்பு பெரிது.

எதற்காக ஆபரேஷன், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியவர் டாக்டர். அந்தப் பாரத்தை நர்ஸ் தலையில் கட்டுவது அநியாயம். ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவர் நர்ஸ்தான். சம்மதம் தருவதற்கு வேண்டிய விவரம் சரியாக, போதுமானதாக, உரிய நேரத்தில் நோயாளிக்குக் கிடைப்பதை நர்ஸ் உறுதி செய்ய வேண்டும் என்று சர்வதேச நர்ஸ்கள் கவுன்சிலின் ஒழுக்க விதி சொல்கிறது. 1953 முதல் உள்ள அந்த விதிகள் 2021-லும் திருத்தப்பட்டிருக்கின்றன. ஆக, நோயாளி விழிக்கிறார் என்றால் நர்ஸ் செய்ய வேண்டியது தாளை நிறுத்திவைத்து டாக்டரைத் திரும்ப அழைப்பது. டாக்டர் சிடுசிடுப்பார். குறையுள்ள பில்லைத் திருப்பி அனுப்பும் குமாஸ்தாவை எந்த அதிகாரிக்குப் பிடிக்கும்? இருபது வருஷமாக நான் ரயில்வேயில் அந்த வேலைதான் பார்க்கிறேன்.

பீகாரில் அராரியா ஜில்லாவில் 2012 ஜனவரி 7-ல் ஒரு பள்ளிக்கூடத்தில் 53 பெண்களுக்கு ஒரே இரவில் கருத்தடை செய்தார்கள். அந்த வழக்கில் 2016 செப்டம்பர் 14-ல் உச்சநீதிமன்றம் சொன்னதை நம் பெண்கள் மனப்பாடம் செய்துகொள்ளலாம்: புரிகிற மொழியில் விளக்க வேண்டும், விளக்கினேன் என்று டாக்டர் சான்று தர வேண்டும், மனம் மாறினால் மாறட்டும் என்று சுமார் ஒரு மணி நேரம் அவகாசமும் தர வேண்டும். கருத்தடைக்குப் புருஷன் கையெழுத்து தேவையில்லை என்பது மத்திய அரசின் விதி. இதை நம் ஆண்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

கேரளத்து நர்ஸ் ஜெர்மனிக்குப் போனால், ஜெர்மன் மொழியில் தேறினால்தான் அங்கே முழு நர்ஸாக ஏற்கிறார்கள். நோயாளியின் மொழி அவ்வளவு முக்கியம் என்று அந்தச் சகோதரிகளுக்கு நாம் சொல்லவா வேண்டும்? கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுதலாம் என்று ஒப்புக்கொண்டது. கடிதத்துக்குத் தமிழ் உண்டு, கத்திக்கு இல்லையா? எல்லையோர ஆஸ்பத்திரிகளில் தமிழ்ப் படிவமும், தமிழ் தெரிந்த ஓர் ஊழியரும் வேண்டும் என்று கேட்போம்.

அதுவரை தாள் நீட்டப்பட்டால், 'சிஸ்டர், தமிழில் சொல்லுங்கள், பிறகு ஒப்பிடுகிறேன்' என்று சொல்லுங்கள். படிவம் கேட்கும் மனுவைத் தமிழிலேயே எழுதலாம். எழுத வராதவர்கள் ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு வந்தால் எழுதித் தருகிறோம்.