கடிகாரம் யாரை அளக்கிறது?

2022-இல் பெங்களூரின் ஜெரோதா நிறுவனம், உடல் நிறை குறியெண் 25-க்குக் கீழிருக்கும் ஊழியருக்கு அரை மாதச் சம்பளம் போனஸ் என்றது. பிறகு செயலிக்கு மாறியது: தினம் குறைந்தது 350 கலோரி எரிக்கும் இலக்கு, ஓராண்டில் 90 விழுக்காடு நாட்கள் எட்டினால் ஒரு மாதச் சம்பளம்.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் அண்ணனுக்கு அந்த 350, கட்டன்சாயா குடிக்கும் முன்பே முடிந்துவிடும். அவருக்கு யார் போனஸ் தருகிறார்? அண்டி ஆபீஸில் நாள் முழுக்க உட்கார்ந்தே தோடு உடைக்கும் அக்காவுக்கோ செயலியில் நூறு அடிகூட ஏறாது. கை வெந்துபோவதை எண்ண அதற்குத் தெரியாது.

கடிகாரம் நம் மக்கள் கையிலும் ஏறியது, சண்டிகரில். தூய்மைப் பணியாளர்களுக்கு ஜிபிஎஸ் கடிகாரம். அங்கே பரிசுப் பேச்சே இல்லை. எங்கே நிற்கிறாய் என்ற வேவுதான். அவர்கள் எதிர்த்துப் போராடினார்கள்.

"விருப்பம் இருந்தால் மட்டும்" என்பார்கள். ஒப்பந்த வேலையில், குடும்பத்தில் முதல் ஆளாக அலுவலகம் ஏறிய தங்கச்சியால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியுமா? 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதம் சுதந்திரமாக இருக்கவேண்டும் என்கிறது. வேலை சார்ந்த காரியத்துக்கென்றால் சம்மதமே தேவையில்லை என்று பின்வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. அந்தப் பிரிவை நீக்கு என்பதே எங்கள் முதல் கோரிக்கை. எடையைப் பற்றிப் பிறகு பேசலாம்.