'தினமும் 22 பேர்': அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் பற்றிய ஒரு எண் எப்படி வந்தது, எதை மறைத்தது?

2016-ல் சமூக வலைதளங்களில் ஒரு சேலஞ்ச் வைரலானது நினைவிருக்கலாம். 22 நாள், தினமும் 22 புஷ்-அப். வீடியோ எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஆளை டேக் செய்ய வேண்டும். ஹாலிவுட் நடிகர்கள் கிறிஸ் பிராட், கிறிஸ் எவன்ஸ் வரை இதைச் செய்தார்கள். அது என்ன 22? அமெரிக்காவில் ஒவ்வொரு நாளும் 22 முன்னாள் படைவீரர்கள் தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்பதை நினைவூட்டத்தான் அந்த எண்.

நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் எண்ணில் இருக்கிறது. அந்த வீடியோக்கள் ஓடிக்கொண்டிருந்த அதே ஆண்டில், 22-ஐ முதலில் சொன்ன அரசுத் துறையே வேறொரு எண்ணுக்கு மாறிவிட்டது. ஆனாலும் இன்றுவரை டி-ஷர்ட்டிலும் மேடைப் பேச்சிலும் 22-தான் ஓடுகிறது.

21 மாநிலங்கள், ஒரு பெருக்கல் கணக்கு

அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை 2012 என்று தேதியிட்டு, 2013 பிப்ரவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 22 பிறந்தது அங்கேதான். கையில் இருந்தது 21 மாநிலங்களின் இறப்புச் சான்றிதழ் தரவு மட்டும். முன்னாள் வீரர்கள் அதிகம் வாழும் கலிஃபோர்னியாவும் டெக்சாஸும் அதில் இல்லை.

சரி, மீதி மாநிலங்களுக்கு என்ன செய்தார்கள்? இந்த 21 மாநிலங்களில் நடந்த தற்கொலைகளில் முன்னாள் வீரர்களின் பங்கு எவ்வளவு என்று பார்த்தார்கள். நாடு முழுக்க அதே விகிதம்தான் என்று வைத்துக்கொண்டு, 2010-ல் பதிவான மொத்தத் தற்கொலைகளோடு பெருக்கினார்கள். கிடைத்ததை 365-ஆல் வகுத்தால் 22. 'எல்லா மாநிலங்களிலும் விகிதம் மாறாது என்று கருதினால்' என்ற நிபந்தனை அறிக்கையிலேயே இருக்கிறது. தலைப்புச் செய்தியாக மாறும்போது அந்த நிபந்தனை காணாமல் போனது. அறிக்கை எழுதியவர்களைவிட, அதைப் பாதி படித்துப் பரப்பியவர்கள்தான் இதற்குப் பொறுப்பு. ஊடகங்களும் அதில் அடக்கம்.

பெட்டியில் டிக் அடிப்பது யார்?

அமெரிக்க இறப்புச் சான்றிதழில் ஒரு கேள்வி உண்டு: இறந்தவர் எப்போதாவது ஆயுதப் படைகளில் பணியாற்றினாரா? ஆம், இல்லை என்று டிக் அடிக்க வேண்டும். பெரும்பாலும் இறுதிச் சடங்கு நடத்தும் நிறுவனத்தின் ஊழியர், குடும்பத்தாரிடம் கேட்டு நிரப்புவார். யோசித்துப் பாருங்கள். குடும்பத்தைவிட்டு விலகி, வீடில்லாமல், தெருவில் இறந்த ஒருவருக்காக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல யார் இருப்பார்கள்? ஆபத்து அதிகம் உள்ளவர்களே கணக்கிலிருந்து நழுவ வாய்ப்பும் அதிகம்.

இன்னொரு ஓட்டை, மரணத்தின் காரணத்தை எழுதும் இடத்தில். ஒருவர் போதைப்பொருள் அதிகமாகி இறந்தால் அது விபத்தா, தற்கொலையா? முடிவு செய்வது அந்தந்தப் பகுதியின் மருத்துவ அதிகாரி அல்லது கொரோனர். சில இடங்களில் கொரோனர் என்பவர் தேர்தலில் ஜெயித்து வருபவர். மருத்துவம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. ஒரே மாதிரியான மரணம் ஒரு கவுன்ட்டியில் தற்கொலை, பக்கத்துக் கவுன்ட்டியில் விபத்து.

22 இருபதாகி, பிறகு 17 ஆன கதை

2016-ல் நலத்துறை அடுத்த ஆய்வை வெளியிட்டது. இம்முறை 50 மாநிலங்களும் உண்டு. 1979 முதல் 2014 வரை 5.5 கோடிக்கும் மேற்பட்ட ஆவணங்களைப் பார்த்தார்கள். டிக் பெட்டியை மட்டும் நம்பாமல், தேசிய இறப்புப் பதிவேட்டை ராணுவத்தின் பணி ஆவணங்களோடு ஒப்பிட்டார்கள். 2014-க்கு வந்த விடை: தினமும் 20.

அதோடு முடியவில்லை. 2018-ல் துறையே இன்னொரு விளக்கம் தந்தது. 20.6 என்ற அந்தச் சராசரியில் 16.8 பேர்தான் முன்னாள் வீரர்கள். மீதி 3.8 பேர் அப்போது பணியில் இருந்தவர்கள், தேசியக் காவல் படை மற்றும் ரிசர்வ் படையினர். அப்போ தற்கொலைகள் குறைந்துவிட்டனவா? இல்லை. எண்ணப்படும் கூட்டத்தின் வரையறைதான் மாறியது.

வரையறை வெறும் காகித விவகாரம் இல்லை. தேசியக் காவல் படையில் சேர்ந்து, பயிற்சி பெற்று, மத்திய அரசுப் பணிக்கு ஒருமுறைகூட அழைக்கப்படாமல் வெளியேறியவர்கள் இந்தக் கணக்கில் 'முன்னாள் படைவீரர்' ஆகமாட்டார்கள். 2017-ல் இப்படிப்பட்ட 919 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். தினமும் சராசரி 2.5. அவர்களைச் சேர்த்தால் ஒரு எண், விட்டால் வேறு எண்.

போஸ்டரில் இல்லாத முகம்

22 செய்த பெரிய தவறு, எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்னது அல்ல. அது காட்டிய முகம்தான். 22 என்றதும் அமெரிக்கர்கள் மனதில் வந்தது இராக்கிலிருந்தோ ஆப்கானிஸ்தானிலிருந்தோ திரும்பிய 25 வயது இளைஞர். ஆனால் அதே 2012 அறிக்கையைப் புரட்டினால், தற்கொலை செய்துகொண்ட முன்னாள் வீரர்களில் சுமார் 69 சதவீதம் பேர் 50 வயதைத் தாண்டியவர்கள். வியட்நாம் காலத்தவர்களும் அதற்கு முந்தையவர்களும் அதில் நிறைய. போருக்கே போகாமல் அமைதிக் காலத்தில் பணியாற்றியவர்களும் உண்டு.

அதற்காக இளைஞர்களுக்கு ஆபத்து குறைவு என்று அர்த்தமில்லை. ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்று கணக்கிட்டால் 18 முதல் 34 வயது வரையிலான முன்னாள் வீரர்களிடம்தான் விகிதம் மிக அதிகம். எண்ணிக்கையில் முதியவர்கள், விகிதத்தில் இளைஞர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. 22 என்ற ஒற்றை எண்ணால் இதைச் சொல்லவே முடியாது.

தினசரி எண்ணிக்கைக்கு இன்னொரு கோளாறும் உண்டு. 2001-ல் அமெரிக்காவில் 2.5 கோடிக்கும் மேல் முன்னாள் வீரர்கள் இருந்தார்கள். தினசரி சராசரி 16-க்கும் 17-க்கும் இடையில். 2022-ல் தற்கொலைகள் 6,407, தினசரி 17.6. ஏறக்குறைய மாற்றமே இல்லை என்று தோன்றும். ஆனால் இடையில் முன்னாள் வீரர்களின் எண்ணிக்கை சுமார் 1.85 கோடியாகச் சுருங்கிவிட்டது. லட்சத்துக்கு 23 என்ற அளவில் இருந்த விகிதம் 34.7-க்கு ஏறியிருக்கிறது. தினசரி எண்ணை மட்டும் பார்த்தவர்கள் இந்த ஏற்றத்தைக் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

அந்த 1.85 கோடியாவது உறுதியா என்றால், அதுவும் ஒரு மதிப்பீடுதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை நடத்தும் சர்வேயில் அதே 2022-க்கு வந்த எண் 1.62 கோடி. இதை வைத்து வகுத்தால் விகிதம் லட்சத்துக்கு 39-ஐத் தாண்டும். இறந்தவர்கள் அதே 6,407 பேர்தான்.

44 என்கிறது இன்னொரு தரப்பு

2022-ல் 'அமெரிக்காஸ் வாரியர் பார்ட்னர்ஷிப்' என்ற தன்னார்வ அமைப்பு எட்டு மாநிலங்களின் தரவை ஆராய்ந்து, அரசு குறைத்துச் சொல்கிறது என்றது. அவர்கள் கணக்கில் தினமும் 24 தற்கொலைகள். அளவு மீறிய போதைப்பொருள் போன்ற, தானே வருவித்துக்கொண்ட மரணங்களையும் சேர்த்தால் 44 வரை போகலாம். நலத்துறை இதை ஏற்கவில்லை. விபத்தாகப் பதிவாகும் மரணங்களைப் பற்றிய அவர்களின் கேள்வி நியாயமானது. ஆனால் எட்டு மாநிலங்களை வைத்து நாடு முழுவதற்கும் எண் சொல்வது, 21 மாநிலங்களை வைத்துச் செய்த அதே வேலைதான். 22 போய் 44 வந்தால் டி-ஷர்ட் மாறும், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 22 என்ற எண் இல்லாமல் இந்தப் பிரச்சினை அமெரிக்க நாடாளுமன்றத்தில் இவ்வளவு வேகமாகக் காதில் விழுந்திருக்காது. தற்கொலைத் தடுப்புக்கான கிளே ஹன்ட் சட்டத்தில் 2015 பிப்ரவரியில் ஒபாமா கையெழுத்திட்டபோது பின்னணியில் இருந்தது இந்த எண்தான். 'தோராயமாக, 21 மாநிலத் தரவின்படி' என்று எந்த நடிகரும் புஷ்-அப் எடுக்கப்போவதில்லை.

ஆனால் 2016 அறிக்கையில் 22-ஐவிடப் பரவியிருக்க வேண்டிய ஒரு தகவல் இருந்தது. தினமும் இறந்த 20 பேரில் 6 பேர்தான் நலத்துறையின் மருத்துவச் சேவையைப் பயன்படுத்தியவர்கள். மீதி 14 பேர் அண்மையில் அந்தச் சேவையைப் பயன்படுத்தாதவர்கள். ஏன் வரவில்லை? தூரமா, கூச்சமா, தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பினார்களா? ஒழுங்கு நடவடிக்கையால் குறைவான தரச் சான்றோடு வெளியேற்றப்பட்டவர்கள் மட்டும் சுமார் 5 லட்சம் பேர் இருப்பதாகத் துறையே சொன்னது. அவர்களுக்கு அவசர மனநலச் சிகிச்சை தரும் திட்டம் 2017 ஜூலையில்தான் தொடங்கியது. கூடுதல் நிதி ஒதுக்கி மருத்துவமனைகளைப் பெரிதாக்கினால், ஏற்கெனவே வருகிற ஆறு பேருக்குப் பலன் உண்டு. அந்தப் பதினான்கு பேரைத் தேடிப்போவது வேறு வேலை; அதற்கு அவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்ற தரவு வேண்டும். இப்போதைக்கு அந்தத் தரவு வருவதும் தாமதமாகத்தான்: 2022-ல் இறந்தவர்களின் கணக்கு வெளியானது 2024 டிசம்பரில்.

(தற்கொலை எண்ணம் தோன்றினால் உடனே பேசுங்கள்: தமிழக அரசு உதவி எண் 104, டெலி மானஸ் 14416.)