வெற்றுப் புள்ளியை மறைக்காதீர்கள்

திரிங்காப்பில் முட்டைக்கோஸ் பயிருக்கு மருந்து அடித்தவர்களுக்கு ஒன்று தெரியும். வெறும் தண்ணீரில் கலந்த மருந்து இலையில் நிற்காது. முத்து முத்தாகத் திரண்டு, உருண்டு மண்ணில் விழுந்துவிடும். இலையின் மேலுள்ள மெழுகுப் படலம்தான் காரணம். அதனால்தான் மருந்தோடு கொஞ்சம் ஒட்டுத் திரவமும் சேர்ப்பார்கள். மருந்து எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது போய்ச் சேரும் பரப்பு அதை ஏற்க வேண்டும். தோட்டத்தில் பார்த்துப் பழகிய இந்த உண்மையின் அருமை, பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒரு கண்ணாடித் தகட்டின் முன் உட்கார்ந்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

நம் உடலின் உயிரணுக்கள் ஒவ்வொன்றின் மேலும் சர்க்கரைச் சங்கிலிகள் அடர்ந்திருக்கின்றன. நாம் தேநீரில் கலக்கும் சீனிக்கு உறவான மூலக்கூறுகள் அவை. பல கிருமிகள் இந்தச் சங்கிலிகளைப் பற்றிக்கொண்டுதான் உயிரணுவுக்குள் நுழைகின்றன. எந்தக் கிருமி எந்தச் சர்க்கரையைப் பற்றும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தால் காலம் போதாது. இதற்குத் தீர்வாக 2002-இல் பல ஆய்வுக் குழுக்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் வெளியிட்ட கருவிதான் சர்க்கரை நுண்வரிசை. ஒரு விரல் நீளமுள்ள கண்ணாடித் தகட்டில் நூற்றுக்கணக்கான சர்க்கரைகளை மிகச் சிறிய புள்ளிகளாக அச்சிடுவார்கள். ஒளிரும் சாயம் ஏற்றிய புரதத்தை அதன்மேல் ஊற்றிக் கழுவினால், புரதம் பற்றிய புள்ளிகள் மட்டும் ஒளிரும்.

இது வெறும் ஆய்வக விளையாட்டு அல்ல. 2004-இல் கிளந்தானில் கோழிகளை எச்5என்1 பறவைக் காய்ச்சல் தாக்கியது. அது மனிதரிடையே பரவத் தொடங்குமோ என்று உலகமே அஞ்சிய காலம் அது. பறவைக் காய்ச்சல் கிருமி, 2-3 பிணைப்பில் அமைந்த சியாலிக் அமிலச் சர்க்கரையை விரும்பிப் பற்றும். மனிதரிடையே பரவும் சளிக்காய்ச்சல் கிருமியோ 2-6 பிணைப்பை விரும்பும். பிணைப்பு மட்டுமல்ல, சங்கிலியின் நீளமும் வடிவமும் முக்கியம் என்று 2008-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ராம் சசிசேகரனின் குழு காட்டியது. சர்க்கரை வரிசைகளில் கிடைத்த தரவுகள் அந்த ஆய்வுக்குத் துணைநின்றன. அவருடைய தந்தை வி. சசிசேகரன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரனோடு இணைந்து 1963-இல் புரத வடிவம் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை எழுதியவர்.

இத்தனை பெரிய கேள்விகளுக்கு விடை தரும் தகட்டைத் தயாரிப்பதோ பொறுமையைச் சோதிக்கும் வேலை. முதலில் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அறவே போக வேண்டும். இதற்கு வலுவான அமிலக் கலவையைப் பயன்படுத்துவதுண்டு. பயிற்சி பெற்றவரின் மேற்பார்வை இல்லாமல் அதைத் தொடவே கூடாது. அடுத்து, சைலேன் என்ற சேர்மத்தால் மெல்லிய படலம் ஏற்றுவார்கள். அதன் ஒரு முனை கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். மறுமுனையில் சர்க்கரையை இணைப்பதற்கான வேதித் தொகுதி இருக்கும். சர்க்கரைகளை அச்சிட்ட பின், எஞ்சிய இடங்களை எத்தனாலமீன் போன்ற பொருளால் அடைக்க வேண்டும். அடைக்காமல் விட்டால், சோதனைப் புரதம் சர்க்கரையைத் தேடாது. வெறும் படலத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

நம் நாட்டின் ஈரக் காற்று இந்த வேலையில் இன்னொரு சிக்கல். ஈரம் மிகுந்தால் சைலேன் ஒன்றோடொன்று பிணைந்து திட்டுத் திட்டாகப் படியும். தயாரான தகட்டையும் ஈரம் உறிஞ்சும் பொருளோடு மூடி வைக்க வேண்டும். ஆனால் அச்சிடும்போது காற்று மிகவும் வறண்டிருந்தால், சர்க்கரைத் துளி இணையும் முன்பே காய்ந்துவிடும். ஒரு கட்டத்தில் பகையாக இருக்கும் ஈரம் அடுத்த கட்டத்தில் துணையாகிறது.

எங்கள் குழு பலாக்கொட்டையிலிருந்து எடுக்கப்படும் ஜாக்கலின் என்ற புரதத்தைச் சோதித்தது. அது கேலக்டோஸ் சர்க்கரையைப் பற்றும். 1996-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் அதன் வடிவத்தை வெளியிட்டனர். பலாவின் உறவான நம்மூர் செம்பெடாக்கின் கொட்டையிலும் இத்தகைய புரதம் உண்டு. அதை மலாயாப் பல்கலைக்கழகத்தில் பிரித்தெடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். எங்கள் தகட்டில் கேலக்டோஸ் புள்ளிகள் பளிச்சென்று ஒளிர்ந்தன. ஆனால், சர்க்கரையே வைக்காத வெற்றுப் புள்ளிகளும் ஒளிர்ந்தன.

"கேலக்டோஸ் ஒளிர்ந்துவிட்டதே, அதுதானே விடை? வெற்றுப் புள்ளியை அறிக்கையில் விட்டுவிடலாம்" என்றான் நண்பன். உண்மையைச் சொன்னால், நானும் தலையாட்டத் தயாராகத்தான் இருந்தேன். காரணம், இடைநிலைப்பள்ளியில் எனக்குப் பழகிப்போன வழி அதுதான். பரிசோதனை தொடங்கும் முன்பே விடை தெரியும். நம் அளவீடு அதோடு ஒத்துவராவிட்டால், அழிப்பானை எடுத்து எண்ணைத் திருத்திவிடுவோம். அறிக்கை அழகாக இருக்கும், மதிப்பெண்ணும் கிடைக்கும்.

அன்று எங்கள் ஆய்வக உதவியாளர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "வெற்று இடமே ஒளிர்கிறது என்றால், கேலக்டோஸ் ஒளிர்ந்ததற்கு என்ன அர்த்தம்?" எங்களிடம் பதில் இல்லை. செய்தவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தோம். பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில், அடைக்கும் கட்டத்தைப் பாதி நேரத்திலேயே முடித்திருந்தோம். இரண்டு சனிக்கிழமைகளைச் செலவிட்டுப் புதிய தகடு செய்தோம். இம்முறை வெற்றுப் புள்ளிகள் இருண்டே இருந்தன. கேலக்டோஸ் முன்பைவிட மங்கலாகத்தான் ஒளிர்ந்தது. ஆனால் அந்த ஒளியை நம்ப முடிந்தது.

படலம் ஏற்றிய தகடுகள் கடையிலேயே கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று சிலர் கேட்கலாம். வாங்கிய தகட்டையும் ஈரம் படாமல் காக்க வேண்டும், முறையாக அடைக்க வேண்டும், வெற்றுப் புள்ளியோடு ஒப்பிட வேண்டும். ஒரு முறையாவது தன் கையால் செய்தவருக்குத்தான் எங்கே தவறு நுழையும் என்று தெரியும்.

எஸ்.பி.எம். அறிவியல் பாடங்களில் இப்போது செய்முறைத் தேர்வும் உண்டு. அது நல்ல மாற்றம். ஆனால் அதற்கும் விடையை மனப்பாடம் செய்து போனால், பழைய கதைதான் தொடரும். எதிர்பார்த்த விடை வராத மாணவன் அதற்கான காரணத்தைத் தேடி எழுதினால், ஆசிரியர்கள் அதற்கும் மதிப்பெண் தர வேண்டும். பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் ஒரு பரிசோதனையை இரண்டாம் முறை செய்யக் கால அட்டவணையில் இடம் ஒதுக்க வேண்டும்.

தம்பி, தங்கைகளே, அடுத்த முறை உங்கள் அளவீடு புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் அழிப்பானைக் கீழே வையுங்கள். கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். பிறகு ஆசிரியரிடம் போய், "ஏன் இப்படி வந்தது?" என்று கேளுங்கள்.