ராட்சத மிருகத்துக்கு ஒரு திருவிழா!

அமெரிக்காவில் சிகாகோ என்ற பெரிய நகரம் இருக்கிறது. அதன் விமான நிலையத்துக்கு அருகே ரோஸ்மாண்ட் என்று ஓர் ஊர். அந்த ஊரில் பல ஆண்டுகளாகக் கோடைக்காலத்தில் ஒரு வேடிக்கையான கூட்டம் கூடி வருகிறது.

கூட்டத்துக்கு வருகிறவர்கள் யார்? ஜப்பானிய சினிமாவில் வரும் ராட்சத மிருகங்களின் ரசிகர்கள்! ஆம், ஊரை மிதித்து, ரயிலைக் கடித்து, வாயால் நெருப்பைக் கக்குகிற மிருகங்களுக்கு அங்கே திருவிழா நடக்கிறது.

விழாவின் பெயர் "ஜி-பெஸ்ட்". "ஜி" என்பது காட்ஸில்லா என்ற மிருகத்தின் பெயரில் உள்ள முதல் எழுத்து.

வேஷமும் வேடிக்கையும்

கனடா நாட்டைச் சேர்ந்த ஜே. டி. லீஸ் என்பவர் "ஜி-பேன்" என்ற பத்திரிகையை நடத்தினார். அதைப் படித்தவர்களில் சிலர், 1994ல் சிகாகோ பக்கம் ஒன்றுகூடினார்கள். சிறிய கூட்டம்தான். அதுவே வளர்ந்து, பல நாள் நடக்கும் பெரிய விழாவாகிவிட்டது.

விழாவில் என்ன நடக்கிறது? ரசிகர்கள் தாங்களே தைத்த மிருக உடைகளை மாட்டிக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். சிறுவர்களும் வால் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். கையால் செய்த பொம்மைகளுக்குப் போட்டி உண்டு. பழைய பொம்மைகளும் சுவரொட்டிகளும் விலைக்குக் கிடைக்கும். குழந்தைகள் விளையாடத் தனி அறை இருக்கிறது. இரவில் தியேட்டரில் பழைய படங்கள் ஓடும்.

"வளர்ந்தவர்களுக்கு இது என்ன விளையாட்டு?" என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கிறவர்கள் இந்த மிருகம் பிறந்த கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சாம்பல் மழை

1954ம் ஆண்டு மார்ச் 1ந் தேதி. பசிபிக் கடலில் பிகினி என்ற தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தது. அதன் சக்தி, ஹிரோஷிமாவில் போட்ட குண்டைப்போல் ஏறக்குறைய 1,000 மடங்கு!

அப்போது தொலைவில் ஒரு ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் நின்றது. அதில் இருந்தவர்கள் 23 பேர். வானம் திடீரென்று வெளுத்தது. சில மணி நேரத்தில் வெள்ளைச் சாம்பல் மழைபோல் கொட்டியது. அது விஷச் சாம்பல் என்று அந்த ஏழை மீனவர்களுக்குத் தெரியாது. 23 பேரும் நோயாளிகளாகக் கரை திரும்பினார்கள். கப்பலில் கம்பியில்லாத் தந்தியைக் கவனித்துவந்த குபோயாமா என்பவர் செப்டம்பர் 23ந் தேதி இறந்தார்.

ஜப்பான் கதறியது. அதற்கு 41 நாள் கழித்து, நவம்பர் 3ந் தேதி, "காட்ஸில்லா" படம் வெளிவந்தது. படத்தின் முதல் காட்சி என்ன தெரியுமா? கடலில் ஒரு கப்பல். கண்ணைப் பறிக்கும் ஒளி. கப்பல் தீப்பற்றி மூழ்குகிறது.

ஜப்பான் மக்களுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. பார்த்தார்கள், புரிந்துகொண்டார்கள்.

படத்தின் டைரக்டர் இஷிரோ ஹோண்டா, போருக்குப் போனவர். 1946ல் சீனாவிலிருந்து ஊர் திரும்பும்போது, பாழாய்க் கிடந்த ஹிரோஷிமா வழியாக வந்தார். அந்தக் காட்சி அவர் மனத்தை விட்டு அகலவே இல்லை. கடலுக்கு அடியில் கிடந்த மிருகத்தை அணுகுண்டுச் சோதனை எழுப்பிவிட்டது என்பதே படத்தின் கதை.

மிருகத்தைக் கொல்ல ஒரு விஞ்ஞானியிடம் பயங்கர ஆயுதம் இருக்கிறது. அவர் அதைப் பயன்படுத்துகிறார். ஆனால் தம் உயிரையும் அத்துடன் முடித்துக்கொள்கிறார். ஏன்? அந்த ஆயுதத்தின் ரகசியம் வேறு யார் கைக்கும் போய்விடக் கூடாது என்பதற்காக!

இது வெறும் பூதக்கதை அல்ல.

முகம் தெரியாத நடிகர்

இன்று கம்ப்யூட்டரால் எதையும் படத்தில் காட்டிவிடலாம். அன்று அது இல்லை. மிருக உடைக்குள் ஒரு மனிதர் நின்று நடித்தார். அவர் பெயர் ஹருவோ நகாஜிமா.

முதலில் செய்த உடை சுமார் 100 கிலோ எடை! அதை மாட்டிக்கொண்டு சில கஜ தூரம் நடப்பதே பெரும்பாடு. மேலே விளக்குகளின் சூடு. உள்ளே மூச்சு முட்டும் புழுக்கம். பிறகு எடை குறைந்த உடை செய்தார்கள். மிருகம் எப்படி நடக்கும் என்று அறிய, அவர் மிருகக்காட்சி சாலைக்குப் போய் யானையையும் கரடியையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

1954 முதல் 1972 வரை 12 படங்களில் அவர் காட்ஸில்லாவாக நடித்தார். ஆனால் அந்த உடைக்குள் அவர் முகம் யாருக்கும் தெரியவில்லை.

அவரைக் கடல் கடந்து அழைத்துவந்து மரியாதை செய்தது இந்த விழா. ரசிகர்கள் அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். பழைய கதைகளைக் கேட்டார்கள். 2017ல், தமது 88ம் வயதில் அவர் காலமானார்.

பெயர் தெரியாமல் உழைத்தவரைத் தேடிப் பிடித்துப் பாராட்டுவது நல்ல காரியம். பெரிய சினிமாக் கம்பெனிகள்கூட மறந்துவிடுகிற கடமை அது. அதை ரசிகர்கள் செய்தார்கள்.

வெட்டப்பட்ட வார்த்தைகள்

ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது.

இந்தப் படம் 1956ல் அமெரிக்காவில் திரையிடப்பட்டது. அப்போது அதை அப்படியே காட்டவில்லை. ரேமண்ட் பர் என்ற அமெரிக்க நடிகரை நிருபராகப் புகுத்தினார்கள். அணுகுண்டைக் குறிக்கும் பேச்சுகள் பலவற்றை வெட்டினார்கள். ரயிலில் போகும் ஒரு பெண், தான் நாகசாகியில் உயிர் தப்பியதைச் சொல்லும் பேச்சும் போய்விட்டது. மிருகம் மிஞ்சியது, அது பிறந்த காரணம் மங்கிவிட்டது.

ஜப்பானில் எடுத்த அசல் படம் 2004ல்தான் அமெரிக்கத் தியேட்டர்களுக்குப் பரவலாக வந்தது. இடையில் சுமார் 50 ஆண்டுகள்! அதற்குள் ஒரு தலைமுறை, காட்ஸில்லாவை வெறும் விளையாட்டுப் பொம்மையாகவே பார்த்து வளர்ந்துவிட்டது.

குண்டு போட்ட நாட்டிலேயே, குண்டால் பிறந்த மிருகத்துக்கு இன்று விழா நடக்கிறது. இதில் தவறு இல்லை. நேற்று பகையாக இருந்த இரு நாட்டார், இன்று ஒரே கூடத்தில் உட்கார்ந்து சிரிப்பது சந்தோஷமான காட்சியே. 2024ல் "காட்ஸில்லா மைனஸ் ஒன்" என்ற ஜப்பானியப் படத்துக்கு, தந்திரக் காட்சிகளுக்கான ஆஸ்கார் பரிசையும் அமெரிக்கா கொடுத்தது.

ஆனால் கொண்டாட்டம் பெருகும்போது காரணம் மறந்துபோகக் கூடாது. படம் எடுத்த ஹோண்டா இன்று இல்லை. உடைக்குள் நின்ற நகாஜிமாவும் இல்லை. நேரில் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக மறைகிறார்கள். இனி இந்தக் கதையைச் சொல்லவேண்டிய பொறுப்பு ரசிகர்களுடையது.

ஆபத்தும் இன்னும் தீரவில்லை. உலகத்தில் இன்றும் 12,000க்கு மேற்பட்ட அணு ஆயுதங்கள் இருக்கின்றன. சாம்பல் மழையில் நனைந்த அந்த மரக் கப்பலை, ஜப்பானியர் டோக்கியோவில் ஒரு மண்டபத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் போய்ப் பார்க்கிறார்கள்.

ஆகவே, சிறுவர்கள் வால் கட்டிக்கொண்டு ஆடட்டும், தடுக்க வேண்டாம். படம் முடிந்து வெளியே வரும்போது பையன் கேட்பான்: "அந்த மிருகத்துக்கு ஏன் அப்பா இவ்வளவு கோபம்?" என்று.

அந்தக் கேள்வியைச் சிரித்துத் தட்டிக்கழிக்கக் கூடாது. உட்கார வைத்து, அந்த 23 மீனவர்களின் கதையைச் சொல்ல வேண்டும்.