விலகி நிற்பதும் இரக்கமே



எரிக்கோவுக்குச் செல்லும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டும் குருவும் லேவியரும் விலகிப் போயினர் (லூக் 10). அன்று விலகியது குற்றம். நம் சாலைகளிலோ விலகாதிருப்பதே குற்றம்.

அண்மையில் நோயாளி ஒருவருடன் ஆம்புலன்சில் சென்றோம். விளக்கு மின்னியது, ஒலி அலறியது. முன்னே சென்ற கார் நெடுந்தூரம் வழிவிடவில்லை. அதன் பின்கண்ணாடியில் வேளாங்கண்ணி மாதாவின் படம்! வெட்கித் தலைகுனிந்தோம்.

மின்னும் விளக்கைக் கண்டதும் நாம் செய்ய வேண்டியது யாது? திகைத்து நடுச்சாலையில் சட்டென நிறுத்தலாகாது. பின்னும் பக்கமும் நோக்கி, சைகை காட்டி, வேகத்தைக் குறைத்து இடப்புறம் ஒதுங்கி, அவ்வண்டி கடக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குக் கிடைத்த வழியில் அதன் பின்னே ஒட்டிக்கொண்டு விரைவது, பிறர் துன்பத்தில் ஆதாயம் தேடுவதாகும். தீயணைப்பு வண்டிக்கும் இதுவே முறை.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 194-இ பிரிவின்படி, ஒதுங்காதவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. ஆயினும் தண்டனைக்கு அஞ்சியா நாம் விலகுவது? உள்ளே கிடப்பவர் யாரென அறியோம். ஒரு தாயின் பிள்ளை என்பதை அறிவோம்.

திருப்பலிக்கு நேரமாயிற்றென்று விரைவோரே, இரண்டு நிமிடம் பிந்தி வாருங்கள், ஆண்டவர் கோபியார். ஒதுங்கி நிற்கும் அவ்வேளையில், பிள்ளைகளோடு சேர்ந்து அந்நோயாளிக்காக ஓர் 'அருள் நிறைந்த மரியே' சொல்லுங்கள்.