ஒரே தாளில் பல கைகள்

ஊர் கூடினால் தேர் நகரும் என்பது உண்மையே. ஆயினும் வடத்தில் கைவைத்தவர் அனைவரும் தேரை இழுத்தவர் ஆகிவிடார். வகுப்பில் நம் பிள்ளைகள் குழுவாகச் செய்யும் பணியிலும் இதுவே நிலை. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எழுதும். மற்றவர் தம் பெயரை மட்டும் சேர்த்துக்கொள்வர்.

இக்குறையை நீக்க ஆசிரியர் பலர் இன்று இணையத்தின் துணையை நாடுகின்றனர். 2006-ஆம் ஆண்டில் தோன்றிய கூகுள் டாக்ஸ் அத்தகைய கருவிகளுள் ஒன்று. ஒரே தாளைப் பல மாணவர் தத்தம் கணினியிலோ கைப்பேசியிலோ திறந்து, ஒரே வேளையில் எழுதலாம். ஒருவர் எழுதுவது உடனே மற்றவர் கண்ணுக்குத் தெரியும். எழுதியவர் யார், திருத்தியவர் யார் என்பதும் பதிவாகும். கை உயர்த்திப் பேச நாணும் கடைசி வரிசைப் பிள்ளைக்கும் தன் கருத்தைச் சொல்ல இதனால் வழி பிறக்கின்றது.

ஆனால் கருவி மட்டும் கூட்டுறவைத் தந்துவிடுமோ? கூட்டுறவின் வேர் எங்குள்ளது என்பதை, இணையம் பள்ளிகளை எட்டாத காலத்து நிகழ்ச்சி ஒன்று காட்டுகின்றது.

1971-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், தனித்தனியே பயின்றுவந்த வெள்ளையர், கறுப்பர், மெக்சிக்க வழியினர் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்த்தப்பட்டனர். பகை மூண்டது. உளவியலறிஞர் எலியட் ஆரன்சன் ஒரு வழி கண்டார். பாடத்தைப் பகுதிகளாகப் பிரித்து, குழுவில் ஆளுக்கொரு பகுதி கொடுக்கச் செய்தார். அவரவர் தம் பகுதியைக் கற்று மற்றவர்க்குக் கற்பிக்க வேண்டும். தேர்வோ பாடம் முழுவதிலும் நடைபெறும். ஆங்கிலத்தில் தடுமாறிய சிறுவனை முதலில் மற்றவர் எள்ளினர். அவனன்றி அப்பகுதியை அறிய வழியில்லை என உணர்ந்தபின், பொறுமையாய்க் கேள்வி கேட்டு அவனைப் பேசவைத்தனர். சில வாரங்களில் வெறுப்புத் தணிந்தது; பின்தங்கிய பிள்ளைகளின் தேர்ச்சியும் உயர்ந்தது.

இணையத் தாளையும் இவ்வாறே பங்கிடலாம். ஊர்க் குளத்தைப் பற்றிக் குழு எழுதுவதாயின், ஒருவர் அதன் வரலாற்றையும், ஒருவர் பாசனத்தையும், ஒருவர் அங்குள்ள பறவைகளையும், ஒருவர் அதன் இன்றைய நிலையையும் எழுதட்டும். பின்னர் ஒவ்வொருவரும் அடுத்தவர் பகுதியைப் படித்து ஒரு கேள்வியேனும் கேட்கட்டும். அப்போது எவரும் வேண்டாதவர் ஆகார்.

பெற்றோரே, இதில் நமக்கும் பங்குண்டு. பிள்ளையின் பகுதியை நாம் எழுதிக்கொடுத்தல் ஆகாது. பிழையோடு எழுதினும் அது அதன் உழைப்பாக இருக்கட்டும். கைப்பேசியில்லாத வீட்டுப் பிள்ளை விடுபடாதிருக்க, பள்ளிக் கணினியில், வகுப்பு நேரத்திலேயே இப்பணி நடைபெறுமாறு ஆசிரியரிடம் வேண்டுவோம். மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும், “எத்தனை மதிப்பெண்?” என்று கேட்பதற்கு முன், “நீ எழுதியது எது? உன் தோழர் எழுதியதில் நீ கற்றது எது?” என்று கேட்போம். இவ்விரண்டுக்கும் விடை சொல்லும் பிள்ளையே வடம் பிடித்து இழுத்த பிள்ளை.